ஒரு நாளைக்கு 30 கிராம்: ஸ்பெயினில் நட்ஸ் சாப்பிட்ட 2454 பேரிடமிருந்து கிடைக்கும் பதில்

அப்பாவுக்கு வயது 68, சர்க்கரையும் இருக்கிறது, ரத்த அழுத்தமும் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணி ஆனால் ஏதாவது கொறித்தே ஆக வேண்டும். இத்தனை வருடமாக அது மிக்சர், இல்லையென்றால் டீயில் நனைத்த நாலு பிஸ்கட். போன வருடம் ஒருநாள் நான் அவர் முன்னால் ஒரு சின்னக் கிண்ணத்தில் வறுத்த வேர்க்கடலையும் கொஞ்சம் பாதாமும் கொண்டு வந்து வைத்தேன். அம்மா விடவில்லை. "ஏன்டி, செக்குல போட்டா எண்ணெயா ஒழுகுற சாமான் அது. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன மனுஷனுக்கு அதைப் போய் வைக்கிறியே?"

நியாயமான கேள்விதான். வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். பாதாமும் அப்படித்தான். வால்நட்டில் இன்னும் அதிகம், நூற்றுக்கு 65 பங்கு. "நட்ஸ் உடம்புக்கு நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்பது அம்மாவுக்குப் பதில் ஆகாது. அதனால் அப்பா மாதிரியே இருக்கிற, அதாவது வயதான, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கிற மனிதர்களிடம் நட்ஸைக் கொடுத்து, வருடக்கணக்கில் சாப்பிட வைத்து, என்ன ஆயிற்று என்று யாராவது பார்த்திருக்கிறார்களா என்று தேடினேன். பார்த்திருக்கிறார்கள், ஸ்பெயினில். அந்த ஆய்வின் பெயர் பிரெடிமெட். பெரும்பாலானவர்கள் அதை ஆலிவ் எண்ணெய் ஆய்வாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு வேண்டியது அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு குழு, ஒவ்வொரு நாளும் 30 கிராம் நட்ஸ் சாப்பிட்ட 2454 பேர். அந்த ஆய்வில் நடந்த பெரிய தவறையும் சேர்த்து முழுதாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தவறை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அம்மாவுக்கு நான் கொடுக்கும் பதிலும் பாதிப் பதில்தான்.

அதற்கு முன்னால்

1980களில் கொழுப்பு என்றாலே எதிரி, நட்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. முதலில் அதை அசைத்தது கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம். அங்கே அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 31,208 பேரை வருடக்கணக்கில் கவனித்து வந்தவர்கள் 1992-ல் ஒன்றை எழுதினார்கள்: வாரத்துக்கு நாலு தடவைக்கு மேல் நட்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு, வாரம் ஒரு தடவை கூடச் சாப்பிடாதவர்களைவிட மாரடைப்பு ஏறக்குறைய பாதிதான் வந்திருக்கிறது. அடுத்த வருடமே அங்கிருந்து ஜோன் சபாதே 18 ஆண்களுக்கு வால்நட் சேர்த்த உணவையும் சேர்க்காத உணவையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். வால்நட் சேர்த்த உணவில் மொத்தக் கொலஸ்ட்ரால் 12 சதவீதம் குறைவாக இருந்தது.

நல்ல சேதிதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. அட்வென்டிஸ்ட்கள் பலர் சைவம், புகைப்பது கிடையாது, குடிப்பது கிடையாது. அப்படிப்பட்டவர் நட்ஸும் சாப்பிட்டால், அவர் இதயத்தைக் காத்தது நட்ஸா, மொத்த வாழ்க்கை முறையா? சபாதேயின் 18 பேரிடம் கொலஸ்ட்ராலைப் பார்க்கலாம், யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எண்ண முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கான பேர் வேண்டும், பல வருடம் வேண்டும், யார் எதைச் சாப்பிடுவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும்.

என்ன செய்தார்கள்

2003-ல் ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். மொத்தம் 7447 பேர். ஆண்கள் என்றால் 55 முதல் 80 வயது, பெண்கள் என்றால் 60 முதல் 80. பாதிக்கு மேல் பெண்கள். யாருக்கும் அதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை, ஆனால் வரக்கூடியவர்கள். சர்க்கரை இருக்க வேண்டும், இல்லையென்றால் புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கெட்ட கொலஸ்ட்ரால், எடை, குடும்பத்தில் இளவயது இதயநோய் என்று ஏதாவது மூன்று இருக்க வேண்டும். இந்தப் பட்டியலைப் படித்தபோது அப்பாவின் மருத்துவ ஃபைலைப் புரட்டுவது போலவே இருந்தது.

மூன்று குழு. முதல் குழுவுக்கு மத்தியதரைக்கடல் உணவு முறை, அதாவது காய், பழம், பருப்பு, மீன் எல்லாம் நிறைய, சிவப்பிறைச்சியும் பேக்கரிப் பண்டமும் குறைவு, கூடவே வாரத்துக்கு ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசமாக. இரண்டாவது குழுவுக்கு அதே உணவு முறை, எண்ணெய்க்குப் பதில் நட்ஸ் இலவசமாக. மூன்றாவது குழுவிடம் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அவர்களுக்குச் சாப்பிடும் பொருள் எதுவும் கிடையாது, சின்னச் சின்னப் பரிசுப் பொருள்தான்.

நட்ஸ் குழுவின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு 15 கிராம் வால்நட், 7.5 கிராம் பாதாம், 7.5 கிராம் ஹேசல்நட். எங்கள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், வால்நட் ஏழு பாதி, பாதாம் ஆறு. ஹேசல்நட் என் கைக்குக் கிடைக்கவில்லை, அதுவும் ஆறேழு வரும். உள்ளங்கையில் வைத்தால் விரலை மடக்கி மூடிவிடலாம். "நிறைய நட்ஸ் சாப்பிடுங்கள்" என்பது வேறு, இது வேறு. அப்புறம், யாரிடமும் கலோரியைக் குறைக்கச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவும் இல்லை.

உண்மையிலேயே சாப்பிட்டார்களா? வாயால் கேட்டால் எல்லோரும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒரு பகுதியினரின் ரத்தத்தை எடுத்து ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். வால்நட்டில் நிறைய இருக்கும் ஒமேகா-3 அது, சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறும். ஏறியிருந்தது.

அந்த மனிதர்களுக்கு இது மருந்தாகவும் தெரிந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். ஆய்வின் முக்கிய மையங்களில் ஒன்று கட்டலோனியாவின் ரெயுஸ். ஹேசல்நட்டுக்குப் பேர்போன ஊர் அது. நட்ஸ் ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஜோர்டி சலாஸ்-சல்வடோ இருப்பதும் அங்கேதான். அந்தப் பக்கத்துச் சமையலில் பாதாம், ஹேசல்நட், பூண்டு எல்லாம் சேர்த்து இடித்துக் குழம்பில் கடைசியாகக் கலக்கும் பிகாடா உண்டு. சுட்ட தக்காளி, காய்ந்த மிளகாயோடு நட்ஸை அரைத்த ரொமெஸ்கோ உண்டு, கிட்டத்தட்ட நம் கடலைச் சட்னிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. தெற்கே அந்தலூசியாவில் பாதாமை அரைத்துக் குளிரக் குடிக்கும் அஹோ பிளாங்கோ. அலிகாந்தே பக்கம் பாதாமும் தேனும் சேர்த்த துர்ரோன். நட்ஸ் அவர்கள் நாக்குக்குப் பழகிய பொருள், அதனால்தான் ஐந்து வருடம் ஓடியது. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழுவில் 11.3 சதவீதம் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், மற்ற இரண்டு குழுவிலும் சேர்த்து நின்றவர்கள் 4.9 சதவீதம்தான். இந்த ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த எண் இதுதான். இலவசப் பொருளுக்கும் இதில் பங்கு இருக்கும், சரி. ஆனால் பிடித்ததைச் சாப்பிடச் சொன்னால் மனிதர்கள் நிலைத்து நிற்கிறார்கள் என்பதை நான் இதில் பார்க்கிறேன்.

என்ன ஆயிற்று

சராசரியாக 4.8 வருடம் ஆனபோது, 2011-ல், பலன் தெளிவாகத் தெரிகிறது என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2013 பிப்ரவரியில் பார்சிலோனாவின் ராமோன் எஸ்த்ரூக் முதல் பெயராகக் கட்டுரை வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 288. எண்ணெய்க் குழுவில் 2543 பேரில் 96, நட்ஸ் குழுவில் 2454 பேரில் 83, மூன்றாவது குழுவில் 2450 பேரில் 109.

உலகம் முழுக்க "30 சதவீதம் குறைகிறது" என்று தலைப்பு வந்தது. வயது, உடல்நிலை எல்லாவற்றையும் சரிக்கட்டிப் போட்ட கணக்கில் நட்ஸ் குழுவுக்கு 28 சதவீதம். பொய்யில்லை. ஆனால் அதே எண்ணை அம்மாவுக்குச் சொல்லும்போது நான் வேறு மாதிரிதான் சொல்வேன்: அப்பா மாதிரி ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால் மூன்றாவது குழுவில் சுமார் 11 பேருக்கு இந்த மூன்றில் ஒன்று வருகிறது, நட்ஸ் குழுவில் 8 பேருக்கு. ஆயிரத்துக்கு மூன்று பேர் தப்புகிறார்கள். ஒரு கைப்பிடி தின்பண்டத்துக்கு இது ரொம்பப் பெரிய விஷயம் என்பது என் கருத்து, ஆனால் தின்றால் இதயநோயே வராது என்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

அதிலும் குறைந்தது முக்கியமாகப் பக்கவாதம். மாரடைப்பை மட்டும் தனியாக எடுத்தால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. எல்லாக் காரணங்களையும் சேர்த்த மொத்த மரணத்திலும் இல்லை. நிறைய கட்டுரைகள் இந்த இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடுகின்றன, தாண்டக் கூடாது.

சீட்டுக் குலுக்காத சீட்டு

இப்போது தவறு. இங்கிலாந்தில் ஜான் கார்லைல் என்று ஒரு மயக்க மருந்து நிபுணர் இருக்கிறார். ஆய்வுகளில் ஆட்களை உண்மையாகவே சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்களா என்பதை எண்களை வைத்தே கண்டுபிடிக்க ஒரு கணக்கு முறை வகுத்தார். நேர்மையாகக் குலுக்கியிருந்தால் ஆரம்பத்தில் குழுக்களுக்குள் வயது, எடை, உயரமெல்லாம் ஓரளவுக்குத் தற்செயலாக வித்தியாசப்படும். அளவுக்கு மீறி வித்தியாசப்பட்டாலோ, அளவுக்கு மீறி ஒத்துப்போனாலோ சந்தேகம். 5000-க்கு மேற்பட்ட ஆய்வுகளை அப்படி அலசி 2017-ல் வெளியிட்டார். அதில் சிக்கியவற்றில் பிரெடிமெட்டும் ஒன்று.

ஸ்பெயின்காரர்கள் தங்கள் பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்துத் தோண்டினார்கள். இரண்டு விஷயம் முக்கியமாக வெளியே வந்தது. ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருந்தால், இரண்டாவது ஆளுக்குத் தனியாகச் சீட்டு எடுக்காமல் முதல் ஆளின் குழுவிலேயே போட்டிருக்கிறார்கள். ஒரே அடுப்பில் இரண்டு சமையலா என்று யோசித்திருப்பார்கள், வீட்டில் சமைக்கிற யாருக்கும் இது புரியும். ஆனால் அதைக் கட்டுரையில் எழுதவில்லை, அதுதான் பிழை.

இரண்டாவது இன்னும் மனசைத் தொடும். ஒரு மையத்தில் கிராமத்து மக்கள் வந்து குறைப்பட்டிருக்கிறார்கள்: பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் ஆலிவ் எண்ணெய் கொடுக்கிறீர்கள், எங்களுக்கு வெறும் நட்ஸா, வெறும் பரிசுப் பொருளா என்று. அங்கிருந்த ஆய்வாளர் ஊர்ச்சண்டை வேண்டாம் என்று ஆளுக்கு ஆள் குலுக்குவதை விட்டுவிட்டு, ஒரு மருத்துவமனைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே குழு என்று ஆக்கிவிட்டார். மேலே யாருக்கும் சொல்லவில்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ரேஷன் வரிசையில் ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறு என்று கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அவர் நிலைமை தெரியும். ஆனாலும் ஒரு ஊர் முழுக்க ஒரே குழுவானால், அந்த ஊரின் தண்ணீர், வேலை, வசதி எல்லாமே அந்தக் குழுவின் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு பலன் நட்ஸால் வந்ததா ஊரால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது?

2018 ஜூனில் ஆசிரியர்கள் தாங்களே பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே நாள், அதே இதழில், திருத்திய கணக்கோடு மறுபடி வெளியிட்டார்கள். சந்தேகத்துக்கு உரிய 1588 பேரையும் எடுத்துவிட்டு மீதிப் பேரை வைத்துப் போட்டுப் பார்த்த கணக்கும் அதில் இருந்தது. முடிவு பெரிதாக மாறவில்லை, நட்ஸ் குழுவுக்குத் திருத்திய முக்கியக் கணக்கிலும் அதே 28 சதவீதம். மாறியது வார்த்தை. இந்த உணவு நோயைக் "குறைத்தது" என்று முன்பு எழுதியவர்கள், இந்த உணவு ஒதுக்கப்பட்டவர்களிடம் நோய் "குறைவாக இருந்தது" என்று எழுதினார்கள். ஒரு சொல்லின் வித்தியாசம்தான், ஆனால் அறிவியலில் அந்தச் சொல்லுக்கு ஐந்து வருட விலை கொடுத்திருக்கிறார்கள்.

என் பார்வையில் இந்த ஆய்வுக்கு இன்னும் இரண்டு குறை உண்டு, இரண்டும் சீட்டுக் குலுக்கலைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. ஒன்று, கொழுப்பைக் குறைக்கச் சொன்ன குழு பெரிதாகக் குறைக்கவே இல்லை, அவர்கள் சாப்பாட்டில் கலோரியில் 37 சதவீதம் போலக் கொழுப்பிலிருந்தே வந்தது. அதோடு முதல் மூன்று வருடம் அவர்களுக்கு மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு ஆலோசனையும் கிடைக்கவில்லை, 2006-க்குப் பிறகுதான் சமமாக்கினார்கள். இரண்டு, நட்ஸ் குழு நட்ஸை மட்டும் சாப்பிடவில்லை, மொத்தச் சாப்பாட்டையும் அந்த உணவு முறைக்கு மாற்றச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆகவே "நட்ஸ் செய்தது" என்று தனியாகப் பிய்த்து எடுக்க முடியாது. வால்நட்டைக் கொடுத்தது கலிஃபோர்னியாவின் வால்நட் விவசாயிகள் அமைப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு முக்கியமான பணம் ஸ்பெயின் அரசுடையது.

இத்தனையும் தெரிந்த பிறகும் நான் கிண்ணத்தை எடுக்கவில்லை. காரணம், அம்மாவின் கேள்வி நட்ஸ் அற்புதமா என்பது இல்லை, அவ்வளவு எண்ணெய் அப்பாவைக் கெடுக்குமா என்பது. அதற்கு இந்த ஆய்வு, குறைகளோடு சேர்த்தே, தெளிவாகப் பதில் சொல்கிறது: அப்பா மாதிரி 2454 பேர் ஐந்து வருடம் சாப்பிட்டார்கள், கெடவில்லை.

அந்த எண்ணெய் எங்கே போகிறது

எடை கூடியிருக்க வேண்டாமா? 30 கிராம் நட்ஸ் என்றால் புத்தகக் கணக்குப்படி 180, 190 கலோரி. ஐந்து வருடத்தில் ஆள் ஊதியிருக்க வேண்டும். அதைத் தனியாக 2016-ல் வெளியிட்டார்கள். மூன்று குழுவிலுமே எடை துளி குறைந்திருந்தது, நட்ஸ் குழுவுக்கும் மூன்றாவது குழுவுக்கும் எடையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. வயது ஏற ஏற எல்லோருக்கும் இடுப்பு பெருத்தது, நட்ஸ் குழுவில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைவாகப் பெருத்தது.

ஒரு காரணம் சுலபம். நட்ஸ் சாப்பிட்டால் வயிறு நிறைகிறது, வேறு எதையோ குறைத்துக்கொள்கிறோம். இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம், அது அமெரிக்காவில் மேரிலாண்டின் பெல்ட்ஸ்வில்லில் இருக்கும் விவசாயத் துறை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பாக்கெட்டில் போட்டிருக்கும் கலோரி எண் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்பர் அட்வாட்டர் போட்டுக் கொடுத்த கணக்கின் வழியில் வருவது: மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9. பெல்ட்ஸ்வில்காரர்கள் 18 பேருக்குப் பாதாம் கொடுத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும், ஆமாம், மலத்தையும் சேகரித்து, எரித்து அளந்தார்கள். 2012-ல் எழுதினார்கள்: 28 கிராம் பாதாமில் பாக்கெட் சொல்வது 170 போல, உடம்புக்கு உண்மையில் கிடைப்பது 129 கலோரி. மீதி எண்ணெய் செரிக்காமலே வெளியே போகிறது.

ஏன் என்றால், பாதாமுக்குள் எண்ணெய் சும்மா தேங்கி நிற்பதில்லை, லட்சக்கணக்கான கண்ணுக்குத் தெரியாத அறைகளுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் நார்ச்சுவர். நாம் மெல்லும்போது ஒவ்வொரு துண்டின் மேல்பரப்பில் இருக்கிற அறைகள்தான் உடைகின்றன, உள்ளே இருப்பவை அப்படியே குடலைத் தாண்டிப் போய்விடுகின்றன. அம்மாவின் செக்கு எல்லாச் சுவரையும் நசுக்குகிறது. பல்லால் அது முடியாது. அம்மா கேட்ட கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. சொன்னேன். "அப்போ நல்லா மெல்லக் கூடாதுங்கிறியா?" என்றார். இல்லை, மெல்ல வேண்டும், எவ்வளவு மென்றாலும் எல்லாச் சுவரும் உடையாது.

வெண்ணெயாக அரைத்தால்

சரி, அப்போது பீனட் பட்டரும் பாதாம் பட்டரும்? அவை செக்குக் கட்சி. அதே பெல்ட்ஸ்வில் கூடத்தில் 2016-ல் ஒரே பாதாமை நாலு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கலிஃபோர்னியா பாதாம் வாரியமும் இதற்குப் பணம் கொடுத்தது என்பதால் எண்களை அந்த நினைப்போடே படித்தேன். முழுசான பச்சைப் பாதாம் ஒரு கிராமுக்கு 4.42 கலோரி. வறுத்த முழுப் பாதாம் 4.86, வறுத்தால் மொறுமொறுப்பாகி அதிகம் உடைகிறது. நறுக்கினால் 5.04. வெண்ணெயாக அரைத்தால் 6.53, ஏறக்குறைய பழைய புத்தகக் கணக்குக்கே வந்துவிட்டது. 30 கிராமுக்குப் பெருக்கிப் பார்த்தால் முழுப் பாதாமில் 133, வெண்ணெயில் 196.

பிரெடிமெட்டில் யாருக்கும் பீனட் பட்டர் கொடுக்கவில்லை, அதனால் அந்த ஆய்வை வைத்துக்கொண்டு பீனட் பட்டர் பாட்டிலை நியாயப்படுத்த முடியாது. நெதர்லாந்தில் 1986-ல் ஆரம்பித்து 1,20,852 பேரைத் தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தினர் 2015-ல் அதிலிருந்து எழுதியபடி, தினம் 10 கிராமோ அதற்கு மேலோ நட்ஸ், வேர்க்கடலை சாப்பிட்டவர்களிடம் மரணம் 23 சதவீதம் குறைவு. பீனட் பட்டர் சாப்பிட்டவர்களிடம் அப்படி எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பாட்டிலில் சேரும் உப்பும் கெட்டிப்படுத்திய எண்ணெயும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான், சீட்டுக் குலுக்கியது இல்லை.

அதற்காகப் பீனட் பட்டர் மோசம் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதே எண் வேறு ஒரு வயிற்றுக்கு வரமாக இருக்கிறது. பிரான்ஸில் குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் மிஷெல் லெஸ்கானும் 1990களில் வேர்க்கடலை விழுதோடு பால்பொடி, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்பு சேர்த்து பிளம்பிநட் என்று ஒரு பொட்டலம் உருவாக்கினார்கள். 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், ஓரத்தைக் கிழித்துக் குழந்தை அப்படியே உறிஞ்சலாம். 2005-ல் நைஜரில் பஞ்சம் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளை மருத்துவமனையில் படுக்க வைக்காமலே, வீட்டில் தாயின் மடியிலேயே தேற்றியது அந்தப் பொட்டலம். அரைத்த விழுதில் கலோரி மொத்தமும் உடம்பில் சேரும் என்பதுதான் அங்கே வேண்டியது.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஆள் உண்டு. பாட்டிக்கு 86 வயது, பல் கிடையாது, சாப்பாடு இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. அப்பாவுக்கு வைத்த கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டது அவர்தான்.

எங்கள் கிண்ணம்

வால்நட்டும் ஹேசல்நட்டும் தினமும் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேர்க்கடலை தாவரக் கணக்கில் பருப்பு இனம், நட்ஸே இல்லை, ஆனால் ஸ்பெயின்காரர்கள் யார் எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க வைத்திருந்த 14 கேள்விப் பட்டியலில் நட்ஸ் பற்றிய கேள்வியிலேயே வேர்க்கடலையையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். அது போதும் எனக்கு. அப்பாவுக்கு 20 கிராம் வேர்க்கடலை, எட்டுப் பாதாம், என்றைக்காவது இரண்டு வால்நட். உப்பில்லாமல் வாணலியில் வறுத்தது, எண்ணெயில் பொரித்தது கிடையாது. மிக்சருக்கும் பிஸ்கட்டுக்கும் கூடுதலாக இல்லை, அவற்றுக்குப் பதிலாக. மாத்திரையில் கை வைக்கவில்லை. எங்கள் ஒரு கிண்ணத்தை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் அப்பா நாலரை மணிக்குத் தானே டப்பாவைத் திறக்கிறார்.

வாங்கும்போது ஒன்றைப் பார்க்கிறேன். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சை வாசம் அடிக்கிறது, கடித்தால் கசக்கிறது என்றால் அந்தக் கடலையை யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டும். பூஞ்சை விடுகிற அஃப்லடாக்சின் ஈரலுக்கு விஷம், வறுத்தாலும் முழுசாகப் போகாது. அப்புறம், ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு முழு நட்ஸைக் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். கடலை ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவுமே பொருந்தாது.

பாட்டிக்கு அரைக்கிறேன். அரைக் கிலோ கடலையைச் சின்னத் தீயில் பொறுமையாக வறுத்து, தோலைத் தேய்த்து முறத்தில் புடைத்து, ஆறியதும் மிக்ஸியில். முதலில் பொடியாகும், பிறகு உருண்டு ஓரத்தில் ஒட்டும், அங்கேதான் நிறைய பேர் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, வழித்துவிட்டு, மிக்ஸி சூடாகாமல் விட்டு விட்டு ஓட்டினால் திடீரென்று இளகும், அந்தச் சுவர்கள் எல்லாம் உடைந்து எண்ணெய் வெளியே வருகிற நேரம் அது. ஒரு சிட்டிகை உப்பு, வேறு எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும், மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள் பாட்டி ஒரு ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. அம்மா பயந்து தண்ணீரைக் கொண்டு வந்தார். பாட்டி கையை ஆட்டி வேண்டாம் என்றார். "இதுல துளி வெல்லமும் ஒரு ஏலக்காயும் போட்டிருந்தா எங்கப்பா சந்தையில வாங்கிட்டு வர்ற கடலை உருண்டைடி இது." அடுத்த தடவை அரைத்தபோது பாட்டியின் பங்கை மட்டும் தனியாக எடுத்து வெல்லமும் ஏலக்காயும் போட்டேன்.